சொல்லுறுதியும் காணியுறுதியும்

காணி வாங்குவோர்க்கு உறுதி இன்றியமையாதது. நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகள் காணக் கைச்சாத்திடப்படாத காணி விற்பனை இந்நாட்டிற் செல்லாது என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்துள்ளது. ஆயினும் அவ்வுறுதிக்கு முன்னர் வேண்டப்படும் மற்றோர் உறுதியும் உண்டு. அது தரகரின் சொல்லுறுதி. இதனை நாம் சிறிது நாணத்துடனேயே கற்றுக்கொண்டோம்.

2013ஆம் ஆண்டில், வீடு கட்டுதற்கு இரண்டு பரப்புக் காணி தேடி அலைந்தோம். பல்லாண்டுச் சேமிப்பும் இல்லாளின் காப்புமே எமது கைம்முதல். நண்பரொருவர் சொற்கேட்டு முதிய தரகர் ஒருவரை நாடினோம். அவர் காட்டிய காணி எமக்குப் பெரிதும் பிடித்தது. அன்றே முற்பணம் கொடுக்க முனைந்தோம். அவரோ தடுத்தார்.

“ஐயா, நான்கு பரப்பில் விற்பவருக்குள்ளது பிரிபடாத பாதி. மற்றப் பாதிக்குரிய சகோதரர் கடல் கடந்திருக்கிறார். அவருக்கு முறைப்படி அறிவித்தல் போகவில்லை. பொறுத்திருங்கள்” என்றார்.

வெளிநாட்டுப் பணமுடையார் எவர்க்கோ காணியை ஒதுக்குகின்றார் என நாம் ஐயுற்றோம். கடுஞ்சொல்லுங் கூறிப் பிரிந்தோம். வேறொரு தரகரை நாடுமுன் அக்காணியை மற்றொருவர் வாங்கிவிட்டார். ஈராண்டு கழியுமுன் சகோதரர் வந்து வழக்கிட்டார். பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமை அளிக்கின்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த காலந்தொட்டே அது ஏட்டிலுள்ள உரிமை. வாங்கியவருக்குக் கொடுத்த விலை மீண்டது. அவர் வெட்டிய கிணறும் நட்ட தென்னையும் மீளவில்லை.

தலைகுனிந்து முதியவரிடம் சென்றோம். “கோபம் ஆறிற்றா, ஐயா?” என்று மட்டுங் கேட்டுப் பாய் விரித்தார்.

பின்னர் அவர் காட்டிய காணியிலேயே இன்று குடியிருக்கின்றோம். வாங்குமுன் பழைய உறுதிகளை எம்மெதிரே வரிவரியாகப் படித்தார். கிணற்றுப் பங்கினையும் வழிவாய்க்காலையும் நேரிற் காட்டினார். உறுதி முடிந்ததுந் தரகு பெற்று மறைந்தாரல்லர். பதிவுக் கந்தோரில் உறுதி பதியப்பட்டதா என விசாரித்து வந்தார். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுமிடத்து, வஞ்சனை இல்லாதவிடத்து முந்திப் பதிந்ததே முற்படும் என விளக்கினார். இன்றும் வேலியடைப்புக் காலத்தில், எல்லைக் கதியால் பெயர்ந்ததோ எனப் பார்த்துச் செல்கின்றார்.

அவருக்குப் பெயர்ப்பலகை இல்லை, விளம்பரமும் இல்லை. நாம் மட்டும் எழுவரை அவரிடம் அனுப்பியுள்ளோம். காரணம் வினவியபோது, “ஒரு தரகு ஒரு மாதத்துக்குக் காணும். நம்பிக்கையோ அவர்கள் பிள்ளைகள் காணி வாங்கும்போதும் என்னை அழைக்கும்” என்றார்.

இவ்விழாக்காலத்தில், தம் மைந்தரைக் கைப்பிடித்து எம் வகுப்பு வாயிலுக்கு வரும் பழைய மாணாக்கரைக் காணுந்தோறும் அம்மொழி எம் நினைவில் எழுகின்றது. அன்று அவர்தம் பிழையை மறையாது எடுத்துரைத்தோமா, பள்ளி நீங்கிய பின்னும் நலம் வினவினோமா என எம்மையே கேட்டுக்கொள்கின்றோம். ஆம் எனின், அவர் மைந்தரும் வருவர்.