முருங்கையும் கம்பளிப்பூச்சியும்

மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் எப்போதும் வெண்பனி கொட்டிக் கிடக்கும். எங்கள் மண்ணச்சநல்லூரில் திருவருகைக் காலம் வேறு கோலத்தில் வருகிறது. ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கார்த்திகை முழுவதும் விட்டு விட்டுப் பெய்யும். பெருவளை வாய்க்காலில் நீர் கலங்கி ஓடும். வெயிலை நம்பிய அரிசி ஆலைக் களங்களில் அவித்த நெல் தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிக் கிடக்கும். மார்கழி இரவிலும் குளிர் 20 பாகைக்குக் கீழே வெகுவாக இறங்குவதில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடமெல்லாம் உயிர்: மரவட்டை, நத்தை, கொசு, எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி.

குளிர்நாடுகளில் பூச்சிகளை மட்டுப்படுத்தும் வேலையின் ஒரு பகுதியை உறைபனியே செய்துவிடுகிறது. அங்கும் இப்போது குளிர்காலம் மிதமாகி வருவதால் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து பைன் மரப்பட்டை வண்டுகள் பெருகிக் காடு காடாக மரங்களை அழித்தன. முன்பு அவற்றின் புழுக்களைக் கொன்ற கடுங்குளிர் போதிய அளவு வராமற்போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நமக்கோ உறைபனி என்றைக்குமே இருந்ததில்லை. வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்குவனவற்றை நம் மழைக்காலம் தட்டி எழுப்புகிறது.

மழை விழுந்ததும் பழுப்பு மஞ்சள் நிறத்தில் பெரிய அந்துப்பூச்சிகள் வெளிவந்து முருங்கையில் கூட்டம் கூட்டமாக முட்டையிடுகின்றன. பொரித்து வரும் புழுக்கள் பகலில் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பளி போர்த்தாற்போல ஒட்டிக்கொண்டு பட்டையைச் சுரண்டும். இரவில் மேலேறி இலைகளைத் தின்னும். அவற்றின் உரோமம் தோலில் பட்டாலோ, தடித்துச் சிவந்து எரியும். எங்கள் பெற்றோர் காலத்தில் கழியின் நுனியில் துணி சுற்றி, தீப்பந்தமாக்கி, பட்டை வேகாமல் மேலாகக் காட்டுவார்கள். வேளாண் துறையாரும் இதே முறையைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பெய்த ஒரு நீண்ட மழையில் பந்தம் எரியவில்லை; எங்களுக்குப் பொறுமையும் இல்லை. புழுக்கள் சுவரேறி வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தன. கடையில் ஒரு மருந்துக் குப்பி வாங்கி வந்து, மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மாலையில் மரம் முழுவதும் தெளித்தோம். குப்பியின் முகப்பில் மஞ்சள் சாய்சதுரம் இருந்தது. சிவப்புக்கு அடுத்தபடியான கொடிய நஞ்சு என்பது அதன் பொருள். அதைப் படித்தறிய நாங்கள் முயலவில்லை. புழுக்கள் பொலபொலவென்று உதிர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தோம். மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காலைத் திருப்பலிக்குப் போய், அங்கிருந்தே உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டோம்.

எங்கள் கொல்லை வேலிக்கு அப்பால் ஓர் ஆயா இருக்கிறார். ஆலைக் களத்தில் நெல் காயவைத்தே முதுகு வளைந்தவர். தாயில்லாப் பேரனை வளர்க்கிறார். எங்கள் முருங்கையின் பாதி அவர் பக்கம் சாய்ந்திருப்பதால், கேட்காமலே கீரை ஒடித்துக்கொள்ளும் உரிமையை நாங்களே கொடுத்திருந்தோம். மருந்து தெளித்த அன்று அவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். மறந்தே போனோம்.

ஞாயிறு மாலை திரும்பியபோது ஆயாவின் வீடு பூட்டியிருந்தது. பேரனுக்கு ஓயாத வாந்தி என்றும், மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பதாகவும் எதிர்வீட்டார் சொன்னார்கள். மாற்றுத் துணி எடுக்க ஆயா அவசரமாக வந்தார். "மழக் குளுரு தம்பி, புள்ளைக்கு வயிறு ஒத்துக்கல. மத்தியானம் முருங்கைக்கீரதான் ஆக்குனேன். எனக்குச் சளி, வாய்க்கு ருசியில்லன்னு நான் தொடல" என்றார்.

அந்த இடத்தில் நாங்கள் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். குளிரால்கூட இருக்கலாமே என்று மனம் ஒரு சாக்குத் தேடிற்று. ஆயா தெருமுனை திரும்பும் வரையில் அந்த மௌனம் நீடித்தது. எங்கள் வாழ்வில் அவ்வளவு நீண்ட நேரத்தை நாங்கள் கண்டதில்லை. பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

சிறுவனுக்கு வாயில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது, கண்மணிகள் சுருங்கியிருந்தன. மருத்துவர் குப்பியைப் படித்துப் பார்த்துவிட்டு, உடனே மாற்று மருந்து ஏற்றச் சொன்னார். "இதைக் கொண்டு வந்தது நல்லதாயிற்று" என்று மட்டும் கூறினார். மூன்றாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். ஆயாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னோம். ஆலைப் புழுதியில் சிவந்துபோன அவர் கண்கள் எங்களை வெகுநேரம் பார்த்தன. "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒப்புரவு அருளடையாளத்தை நாடிச் சென்றபோது, கடமையில் தவறுவதும் பாவமே என்று சிறுவயது முதல் சொல்லி வந்ததன் பொருள் முதன்முதலாக விளங்கிற்று. நாங்கள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு அடுப்பு எரிகிறது என்பதை நினைக்கத்தான் தவறினோம்.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், களைகளை உடனே பிடுங்கிவிடத் துடிக்கும் பணியாளர்களை நிலக்கிழார் தடுக்கிறார். களையோடு கோதுமையும் வேரறுந்துவிடும் என்பதே அவர் அச்சம். தீமையோடு சமாதானமாகப் போகச் சொல்லும் உவமை அன்று இது. அழிக்கும் அவசரத்தில் நம் கை எதன்மீது விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறது.

அறிவியலும் சில வேளை இந்தப் பொறுமையைக் கற்றுத் தருகிறது. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது. மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தும் பயனில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, ஆய்ந்து பார்த்து, தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று. அந்தக் குளவி தன் இரையை அன்றி வேறெதையும் தொடுவதில்லை. எங்கள் கைத்தெளிப்பானுக்கு அந்த விவேகம் இல்லை.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் படைப்பனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தது என்று வலியுறுத்தினார். பங்கு மன்றக் கூட்டத்தில் அதைப் படித்துத் தலையசைத்தவர்கள்தாம் நாங்கள். அந்தப் பிணைப்பு எங்கள் வேலியின் வழியாகவே செல்கிறது என்பதை ஒரு சிறுவனின் நோயே காட்ட வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் முதல் மழை பெய்த இரவிலேயே, முருங்கைக்கு அருகே ஒரு தொட்டி நீருக்கு மேல் விளக்கு ஏற்றுகிறோம். அந்துப்பூச்சிகளில் ஒரு பகுதி அதில் விழுந்துவிடும். முட்டைக் குவியல் தெரியும் இலைகளைக் கிள்ளி எடுக்கிறோம். தப்பியவை அடிமரத்தில் கூடும்போது பந்தம் காட்டுகிறோம். ஆயாவின் பேரன் தூரத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிறான். எல்லாம் ஒழிந்துவிடுவதில்லை, சில கிளைகள் மொட்டையாகத்தான் நிற்கின்றன. மழை நின்றதும் அவை மறுபடி தளிர்க்கின்றன.

ஆயா இன்றும் கீரை ஒடிக்க வருகிறார். முன்பெல்லாம் கேட்காமல் ஒடித்தவர், இப்போது வேலியருகே நின்று, "மருந்து ஏதும் அடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டே கையை நீட்டுகிறார். அதில் கோபம் இல்லை; மன்னித்துவிட்டவரின் கேள்விதான். ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்தக் கேள்வி எங்களைச் சுடுகிறது. எங்களுக்கு விதிக்கப்பட்ட தவமுயற்சி என்று அதை ஏற்றுக்கொண்டு, "இல்லை ஆயா, தைரியமா ஒடிச்சுக்குங்க" என்கிறோம்.