சிவந்த சுனையில் தெளிந்த நீர்

நல்லமலைத் தொடரின் நடுவே வேதாத்ரி, கருடாத்ரி என்னும் இரு மலைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அவற்றின் இடுக்கில், பாறைக்குப் பாறை தாவி இறங்கி வருகிறாள் பவநாசினி. பிறவித் துயரை அழிப்பவள் என்பது அப்பெயரின் பொருள். மலை ஏறுவோருக்கு அவளே வழித்துணை. சில இடங்களில் அவளே வழி.

ஆந்திர நாட்டிலுள்ள அஹோபிலம், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வார் இத்தலத்தைச் சிங்கவேள்குன்றம் என்றழைத்துப் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்கள் அருளியுள்ளார். தேவர்களே அன்றிப் பிறர் எளிதில் அடைய இயலாத இடம் என்பது அவர் வாக்கின் கருத்து. அவர் கண்ட குன்றம் வேனிற் குன்றம். வாகை நெற்றுகள் காய்ந்து ஒலிக்க, மூங்கில்கள் உரசிப் பிறந்த தீயில் வானம் சிவந்த காட்சி அது. ஐப்பசி மழைக்குப் பின் அங்கே சென்ற நண்பர் இருவர் கண்டதோ, எத்திசையிலும் நீர்.

இருவரும் கும்பகோணத்தைச் சேர்ந்தவர்கள். இருபது ஆண்டுகள் கூட்டாகப் பாத்திரக் கடை நடத்தியவர்கள். புரட்டாசிதோறும், "அடுத்த ஆண்டு அஹோபிலம் போய்விட வேண்டும்" என்று பேசிக்கொள்வார்கள். கடை வேலையில் அது தள்ளிப்போகும். பின்னர் ஒரு கணக்கில் எழுந்த ஐயம் வழக்காகி, கடை இரண்டாயிற்று. ஒன்பது ஆண்டுகள் பேச்சில்லை. மூத்தவரின் மனைவி காலமானபோது இளையவர் வந்து வாசலில் தலைகுனிந்து நின்றார். காரியங்கள் முடிந்து சில மாதங்கள் சென்றபின், மூத்தவரே அழைத்தார்: "அஹோபிலம் போகலாமா?"

வந்தார்கள், ஆனால் பழைய நெருக்கம் வரவில்லை. சென்னையிலிருந்து இரயிலில் கடப்பைக்கு வந்து, ஆள்ளகட்டா வழியாகக் கீழ் அஹோபிலத்தை அடையும் வரை, பேச்செல்லாம் சீட்டு, சாப்பாடு, அறை என்பவற்றோடு நின்றது. முன்பெல்லாம் வாய்க்கு வாய் "அண்ணா" என்றழைத்த இளையவர், இப்போது எப்பெயரும் சொல்லாமல், "வாருங்கள், போகலாம்" என்று மட்டுமே சொன்னார். மூத்தவர் அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

கீழ் அஹோபிலத்தில் பிரகலாத வரதனைச் சேவித்துவிட்டு, மேல் அஹோபிலத்திற்குச் சென்றார்கள். இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பேருந்தும் ஜீப்பும் செல்கின்றன. அங்கே குகைக்குள் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறான் அஹோபில நரசிம்மன். அருகே செஞ்சுலட்சுமித் தாயார் சன்னிதி. இரணியனை அழித்த பின்னும் சினம் தணியாது கானகத்தில் திரிந்த பெருமானை, செஞ்சு வேடர்குலத்தில் தோன்றிய திருமகள் மணந்து சாந்தப்படுத்தினாள் என்பது இம்மலையின் கதை. செஞ்சு மக்கள் இன்றும் பெருமானைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள்.

கோயிலின் பின்புறமிருந்து ஜ்வாலா நரசிம்மர் சன்னிதிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் நடைவழி. நடக்க இயலாதோரை டோலியில் சுமந்து செல்கிறார்கள். நண்பர்கள் ஆளுக்கொரு மூங்கில் கழியும், வழிகாட்ட உள்ளூர் இளைஞர் ஒருவருமாகப் புறப்பட்டார்கள். வராக நரசிம்மரைச் சேவித்து அப்பால் சென்றதும் மலைகள் இருபுறமும் உயர்ந்தன. வானம் ஒரு நீலக் கீற்றாய்க் குறுகியது. உருண்டு கிடந்த பெரும்பாறைகளின் இடையே ஓடைநீர் சில இடங்களில் கணுக்காலளவு, சில இடங்களில் முழங்காலளவு ஓடிற்று.

ஓரிடத்தில் ஓடையைக் கடந்தாக வேண்டும். இளைஞர் முன்னே தாவிச் சென்றார். மூத்தவரும் கடந்தார். இளையவர் கால்வைத்த கல்லில் பாசி படிந்திருந்தது. கழி நழுவி நீரோடு சென்றது. உடல் சாய்ந்த அந்த நொடியில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்:

"அண்ணா!"

மூத்தவர் நீரில் இறங்கி அவருடைய மணிக்கட்டைப் பற்றினார். இருவரும் இடுப்பளவு நனைந்து, தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். முழங்காலில் சிறு சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. அதற்குப் பின் தம்மிடமிருந்த ஒரே கழியை மூத்தவர் இளையவரிடம் கொடுத்தார். அவர் தோளைப் பற்றிக்கொண்டு தாம் நடந்தார்.

சன்னிதிக்குச் சற்று முன்பு, மலை விளிம்பிலிருந்து அருவி பாதைமீதே விழுகிறது. அதில் நனைந்துதான் செல்ல வேண்டும். சினத்தின் கொழுந்தாகப் பெருமான் வெளிப்பட்ட இடம் என்பதால் ஜ்வாலா என்ற பெயர். அந்த இடத்தின் வாசலிலேயே ஓயாது பொழிகிறது குளிர்ந்த நீர். உள்ளே, இரணியனை மடிமீது கிடத்திப் பிளக்கும் பலகரத் திருக்கோலம். தேவர்களும் நெருங்க அஞ்சிய அந்தச் சினத்தின் முன் குழந்தை பிரகலாதன் அஞ்சாமல் சென்று நின்றான் என்று புராணம் சொல்கிறது. விலகி நின்றவர்களால் தணியாத சினம், அருகில் வந்தவனால் தணிந்தது.

சன்னிதிக்கு அருகே இரத்த குண்டம் என்னும் சிறு சுனை உள்ளது. இரணிய வதத்தின் பின் பெருமான் திருக்கரங்களைக் கழுவிய இடம் என்பது ஐதிகம். பார்வைக்குச் செந்நிறமாகத் தோன்றும் அந்நீரைக் கையில் அள்ளினால் தெளிந்திருக்கும். மூத்தவர் ஒரு கை அள்ளி நெடுநேரம் பார்த்தார்.

"அந்தக் கணக்கில் என் பிழையும் இருந்தது. அப்போதே தெரியும். சொல்ல மனம் வரவில்லை" என்றார்.

இளையவர் உடனே பதில் சொல்லவில்லை. தாமும் ஒரு கை நீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"நானும் உங்களிடம் நேரில் வந்து கேட்டிருக்கலாம், அண்ணா. வக்கீலிடம் போனேன்."

இறங்கும் வழியில் மாலோலன் சன்னிதிக்கும் சென்றார்கள். மா என்பது திருமகள். அவளிடம் பெருவிருப்புடையவன் மாலோலன். அங்கே பெருமானுக்குச் சினமில்லை. பிராட்டியோடு அமர்ந்த சாந்தத் திருக்கோலம். அஹோபில மடத்து ஜீயர்கள் செல்லுமிடமெல்லாம் உடன் எழுந்தருளச் செய்து ஆராதிப்பதும் இந்த மாலோலனின் உற்சவ மூர்த்தியையே.

சேவித்து வெளியே வந்தபோது மீண்டும் தூறல் தொடங்கிவிட்டது. "ஓடையில் நீர் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும்" என்று இளைஞர் கைகாட்டி அவசரப்படுத்தினார். மூத்தவரிடம் கழியை நீட்டினார் இளையவர். "நீயே வைத்துக்கொள்" என்றபடி, அவர் மீண்டும் அந்தத் தோளைப் பற்றிக்கொண்டார். கீழே பள்ளத்தாக்கில் பவநாசினியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.