வகுப்பறையில் ஒரு பதவுரை

கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் கற்பிப்போர்க்கு வாய்க்கும் வகுப்பு, தமிழையே விரும்பி எடுத்தோரின் வகுப்பன்று. வணிகவியலாரும் இயற்பியலாரும் கணிதத்தாரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பர். நாம் ஈண்டுச் சொல்லவரும் வகுப்பில் அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருவோர் சிலர். பாலக்கரையில் பிறந்து வீட்டில் உருதும் வெளியில் தமிழும் பேசுவோர் சிலர். திருவரங்கத்து வீதியொன்றில் பாட்டனார் மடியிலிருந்தே பாசுரம் கேட்டு வளர்ந்தவர் ஒருவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் பாதிக்குமேல் இருந்தனர்.

இவர்களை எப்படி ஒருசேர நடத்துவது? நாம் ஓர் எளிய வழி கண்டோம். இன்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. முன்வரிசையார்க்குச் செய்யுள் நயம் சொன்னோம். பின்வரிசையார்க்கு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை நகலெடுத்துக் கொடுத்து, இதை மனப்பாடம் செய்தால் போதும் என்றோம். தேர்வுத்தாள் திருத்தும்போதும் அவ்வாறே. நன்றாக எழுதுவோரின் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தோம். தடுமாறுவோரின் பிழைகளைக் காணாதவர் போலக் கடந்து, தேறுவதற்குரிய மதிப்பெண்ணைப் போட்டோம். இதற்கு இரக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டோம். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. துறையிலும் எவரும் குறை சொல்லவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவர் இரண்டு தாள்களோடு நம்முன் வந்து நின்றார். ஒன்று அவருடையது, மற்றொன்று பக்கத்திலிருக்கும் நண்பருடையது. திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழில் நெடுங்காலமாக உண்டென்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர். மாலை முழுதும் அத்தகைய பட்டறையொன்றில் வேலை பார்த்துவிட்டு வருபவர் அவர். இருவர் தாளிலும் ஒரே பிழை இருந்தது. நண்பருக்கு மதிப்பெண் குறைந்திருந்தது, இவருக்குக் குறையவில்லை.

“உனக்கு நன்மைதானே, தம்பி” என்றோம்.

“பட்டறையில் ஒரு பட்டை கோணினாலும் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஐயா. நான் எழுதியதை மட்டும் நீங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு இது வராது என்று முடிவு செய்துவிட்டீர்களா?”

நம்மிடம் விடையில்லை. தாளை வாங்கிக்கொண்டு, நாளை பார்ப்போம் என்று அனுப்பிவைத்தோம்.

அன்று மாலை 1-ஆம் எண் பேருந்தில் காவிரிப் பாலம் கடந்து திருவரங்கத்தில் இறங்கினோம். அப்போது நமக்கு உத்தர வீதியில் குடியிருப்பு. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். வைணவ உரைகளில் ஊறியவர். நடந்ததைச் சொன்னோம். அவர் அறிவுரை ஏதும் கூறவில்லை. வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் கதை தெரியுமா என்று கேட்டார்.

திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கு ஐந்து பழைய உரைகள் உண்டு. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்து நாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, இவற்றின் பின்னர் எழுந்த பன்னீராயிரப்படி என்பன அவை. படி என்பது ஒற்று நீங்கலாக 32 எழுத்துக் கொண்ட ஓர் அளவு. மூலம் ஒன்றே, உரைதான் கற்பார்க்கேற்ப நீண்டும் சுருங்கியும் நிற்கிறது.

பன்னீராயிரப்படி செய்தவரே வாதிகேசரி. அவர் பெரியவாச்சான் பிள்ளையின் மடைப்பள்ளியில் பணி செய்தவர். முப்பத்திரண்டு வயதுவரை எழுத்தறியாதவர் என்பது குருபரம்பரைச் செய்தி. வித்துவான்கள் சிலர் கூடி நூலாராய்ந்து கொண்டிருந்தபோது, என்ன நூல் என்று இவர் கேட்டாராம். அவர்கள் ‘முசல கிசலயம்’ என்றார்களாம். உலக்கைத் தளிர் என்பது பொருள். அப்படியொரு நூலே இல்லை. ஏளனம் புரிந்ததும் அவர் தம் ஆசிரியர் அடிவீழ்ந்து, எனக்குக் கற்பிக்க வேண்டும் என்றார். ஆசிரியர் கற்பித்தார். பின்னாளில் அதே பெயரில் ஒரு நூலே எழுதி அந்த வித்துவான்களிடம் காட்டினார் என்று கதை முடிகிறது.

நம்மை அன்றிரவு உறங்கவிடாதது அந்தப் பழிவாங்கலன்று. முந்தைய பேருரைகளுக்குப் பின்னர் அவர் எழுதிய உரை எத்தகையது என்பதே. அது பதவுரை: சொல் சொல்லாகப் பிரித்து, ஒன்றையும் விடாமல் பொருள் கூறுவது. பிந்திக் கற்கத் தொடங்கிய ஒருவருக்குத்தான் எந்தச் சொல்லில் கால் இடறும் என்பது தெரிந்திருக்கும் போலும். நாம் கொடுத்த அரைப் பக்கக் குறிப்போ இடறும் சொற்களையெல்லாம் விலக்கிவிட்டு எழுதியது.

மறுவாரம் சீறாப்புராணம். உமறுப்புலவரின் 5027 பாடல்களில் நம் பாடப்பகுதி சிறியதுதான். குறிப்பு ஏதும் கொடுக்கவில்லை. ஒரு பாடலைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் பதம் பிரித்துப் பதவுரை எழுதுக என்றோம். திருவரங்கத்து மாணவர் நொடியில் சந்தி பிரித்து, சீர் அலகிட்டு முடித்துவிட்டு, அரபுச் சொல்லில் வந்து நின்றார். நுபுவ்வத்து என்றால் நபித்துவம், ஹிஜ்ரத்து என்றால் மக்கா நீங்கி மதீனா சென்றது என்று விளக்கியவர் பட்டறை மாணவர்; சிறு வயதில் மதரசாவில் ஓதியவர். அவருக்கோ சந்தி பிரிக்க வரவில்லை. இருவரையும் ஒரே பலகையில் அமர்த்தினோம்.

இது நாம் புதிதாகக் கண்ட முறையன்று. திருச்சியை அடுத்த அதவத்தூரில் 1815-இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தண்டியலங்காரம் கற்பதற்காகப் பரதேசி ஒருவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் உடன் நடந்தவர். அத்தகையவரிடம் நாகூர் குலாம்காதிறு நாவலரும், கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும், பூவாளூர்த் தியாகராச செட்டியாரும் பயின்றனர். 1871-இல் மாயூரத்தில் வந்து சேர்ந்த உ.வே. சாமிநாதையருக்குத் தொடக்கத்தில் பாடம் சொல்லும் பொறுப்பைச் சவேரிநாத பிள்ளையிடமே அவர் விட்டார். தாமே கற்பிக்கவில்லையே என்று ஐயருக்கு மனக்குறை இருந்ததுண்டு. சமயமும் ஊரும் வேறுபட்ட மாணாக்கர் என்பதற்காக அந்தாதியோ பிள்ளைத்தமிழோ அங்கே எளிதாக்கப்படவில்லை.

நம் வகுப்பில் எல்லாம் இனிதே நடந்ததெனச் சொன்னால் பொய்யாகும். பாடம் ஆமையாய் ஊர்ந்தது. நன்கு படிப்போர் சலித்துக்கொண்டனர். வேறு சிலர் பழைய குறிப்புத்தாளே போதும், ஐயா என்றனர். பருவம் முடியுமுன் இறுதி இரண்டு பாடங்களை ஓட்டமாக ஓட்டினோம்; அக்குறை இன்றும் உறுத்துகிறது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றோம். வினா எல்லார்க்கும் ஒன்றே, திருத்தமும் ஒன்றே. பிழை மிகுந்தவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி எழுதித் தரலாம். மாலையில் ஒரு மணி நேரம் துறை அறையில் காத்திருந்தோம். சிலர் வந்தனர், பலர் பேருந்தைப் பிடிக்க ஓடினர். அதற்கு அவர்களைக் குறைகூற இயலாது. பட்டறை மாணவர் ஒரே விடையை நான்கு முறை எழுதினார். நான்காம் முறையும் பிழை இருந்தது, சுழித்தோம். அவர் முகத்தில் ஏதோ நிறைவு தெரிந்தது. பல்கலைக்கழகத் தேர்வில் அவர் பெற்றது நடுத்தரமான மதிப்பெண்தான்.

சில ஆண்டுகள் கழித்து, தம் நிக்காஹ் அழைப்பிதழைக் கொடுக்க நம் இல்லத்திற்கு வந்தார். ‘விழாவிற்கு தாங்கள்’ என்று அச்சகத்தார் அச்சிட்டிருந்த இடத்தில், தகர ஒற்று மையால் செருகப்பட்டிருந்தது. எல்லா அழைப்பிதழிலுமா என்றோம். முந்நூறு, ஐயா, இரண்டு இரவு ஆயிற்று என்றார். நாம் படித்துக்கொண்டே போய், கீழே மற்றொரு வரியில் விரலை வைத்தோம். அவர் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.