பௌன் தெருவில் உப்பில்லாப் புளியோதரை

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் என்றோர் ஊர் உண்டு. ஏழாம் எண் ரயில் அங்கேதான் முடிகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கடைப் பலகைகளில் பெரும்பாலும் சீன எழுத்துகளே கண்ணில் படும். காய்கறிக் கடைகள், மருந்துக் கடைகள், ரொட்டிக் கடைகள் எல்லாவற்றையும் கடந்து ஒரு கால் மணி, இருபது நிமிடம் நடந்தால், பௌன் தெருவில் கருங்கல் திருமேனியராய் ஸ்ரீ மஹாவல்லப கணபதி எழுந்தருளியிருக்கிறார். முன்பு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடம் அது. 1970-இல் அமைந்த சங்கம் அந்த இடத்தை வாங்கி ஆலயம் எழுப்பிற்று. 1977-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அந்நாட்டின் சுதந்திர தினத்தன்று, கும்பாபிஷேகம் நடந்தேறியது.

அந்தத் தெருவின் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபடத் தடை இருந்தது. அத்தடையை எதிர்த்து ஊர்மக்கள் 1657-இல் ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். 1662-இல் ஜான் பௌன் என்பவர் அவர்களைத் தம் வீட்டிலேயே கூடி வழிபட அனுமதித்ததற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஹாலந்து சென்று முறையிட்டார். மறு ஆண்டே, பிறர் வழிபாட்டில் தலையிட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து ஆளுநருக்குக் கடிதம் வந்தது. அவர் பெயர் தாங்கிய தெருவிலேயே பிள்ளையார் வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்பவர் சொல்லிக்கொள்ளட்டும். 2022-இல் ஆலயத்தை ஒட்டிய பகுதிக்குக் கணேஷ் கோயில் தெரு என்ற பெயரும் சேர்ந்தது.

ஆலயத்தில் அர்ச்சகர்கள் இருக்கிறார்கள், ஊழியர்களும் இருக்கிறார்கள். ஆயினும் பூத் தொடுப்பதும், காய் நறுக்குவதும், காலணி அடுக்குவதும், விழா நாட்களில் வரிசையை ஒழுங்கு செய்வதும் பெரும்பாலும் தொண்டர்கள் கையில்தான். அவர்களில் கணிசமானோர், பிள்ளைகளுடன் ஆறு மாதம் தங்கிப் போக வரும் முதியவர்கள். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்ற பின், பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியோடு உட்கார்ந்திருப்பது எத்தகைய தண்டனை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அதற்கு மாற்றாகக் கைங்கரியம் கிடைக்கிறது. ஆனால் ஊர் புதிது, வயதோ அறுபதைத் தாண்டியது. ஆகவே கைங்கரியத்தோடு சிறு சிறு சங்கடங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தை மாதத்தில் அங்கே சென்ற தம்பதியரின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. கணவர் தபால் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆலயத்தில் அவரை எல்லோரும் மாமா என்றும், அவர் மனைவியை மாமி என்றும் அழைத்தார்கள். மகள் வீடு ஜாக்ஸன் ஹைட்ஸில். 74-ஆம் தெரு நிலையத்தில் ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் ஃப்ளஷிங். போகும்போது சிக்கலே இல்லை. கடைசி நிலையம், எல்லோரும் இறங்குவார்கள், தாமும் இறங்கலாம்.

திரும்பும்போதுதான் வினை. வார நாட்களில் காலை வேளையில் நகர மையத்தை நோக்கிச் செல்லும் ஏழாம் எண் ரயில்களில் இரண்டு வகை. எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும். சாய்சதுரம் இருந்தால் விரைவு வண்டி. மாமாவுக்குத் தெரிந்த வரையில் எக்ஸ்பிரஸ் என்றால் கட்டணம் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே இரண்டுக்கும் ஒரே கட்டணம். ஆகவே ஐயத்திற்கே இடமில்லாமல் சாய்சதுரத்தில் ஏறினார். 74-ஆம் தெரு நிலையம் ஜன்னலுக்கு வெளியே பெயர்ப் பலகையோடு வந்தது, அதே வேகத்தில் போயும் விட்டது. ஊரில் ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே மூட்டையுடன் வாசற்படிக்கு வந்து நிற்கும் மனிதர், அன்று வாசலிலேயே நின்றபடி அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். எதிர்த்திசை வண்டி பிடித்து வீடு திரும்பியவர், மகளிடம் "கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்தேன்" என்றார். அன்று வெளியே உறைபனி.

பனிக்காலத்தில் காலணிகள் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதலாம். எல்லோரும் கறுப்பு நிறத்தில் கணுக்கால் வரை மூடும் காலணி அணிந்து வருகிறார்கள். கழற்றி வைத்த பின் எல்லாம் உடன்பிறப்புகள் போலவே இருக்கும். காலணி அடுக்கும் பொறுப்பில் இருந்த மாமாவே ஒருநாள் வேறொருவருடையதை மாட்டிக்கொண்டு சென்றுவிட்டார். ஓர் அளவு பெரிது. கம்பளிக் காலுறையால் நிரப்பிக்கொண்டதாக எண்ணியவருக்கு, மறுநாள் காலையில்தான் உண்மை தெரிந்தது. உரியவர் அதற்குள் மாமாவின் காலணியில் விரல்களை மடக்கியபடி வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அந்நாட்டில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுகிறார்கள். கைப்பேசிகள் தாமே மாறிக்கொள்ளும். மாமாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரம் மாறவில்லை, மாமாவும் மாறவில்லை. சூரியன் மாறாதபோது மனிதன் மட்டும் ஏன் மாற வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மாலை தொடுத்துத் தர வேண்டிய அன்று அவர் அபிஷேகம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்.

மாமியின் பரீட்சைகள் வேறு வகை. ஃப்ளஷிங் சீனக் கடைகளில் பாகற்காய், காராமணிக்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் குவிந்து கிடக்கும். கடைக்காரப் பெண்மணிக்கு ஆங்கிலம் வராது, மாமிக்கும் அவ்வளவாக வராது. ஒரு பை பாகற்காய்க்கு விலை கேட்டபோது, அந்தப் பெண்மணி கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டிக் காட்டினார். இரண்டு விரல், இரண்டு டாலர் என்று மாமி கொடுத்துவிட்டு நகர, பின்னாலேயே குரல் துரத்திற்று. சீனர்கள் ஒரே கையால் பத்து வரை எண்ணிக் காட்டுவார்கள். அவர்கள் முறைப்படி அந்த இரு விரல்களும் எட்டைக் குறிக்கும். கும்பல் கூடிவிட்டது. திருடி என்று எண்ணிவிட்டார்களோ என்று மாமிக்கு அன்றிரவு உறக்கமே இல்லை.

ஆலயச் சமையலறையில் தலைமுடிக்கு வலையும் கைக்கு உறையும் கட்டாயம். முதலில் முகம் சுளித்த மாமி, தொட்டதைத் தொடாதே, தலையைத் தொட்ட கையால் பாத்திரத்தைத் தொடாதே என்று தம் மாமியார் சொன்னதையே நகராட்சிச் சுகாதார விதியும் சொல்கிறது என்று கண்டபின் சமாதானம் அடைந்தார். இடறியது உப்பில்தான். ஒரு சனிக்கிழமை வேங்கடேசப் பெருமாளுக்குப் புளியோதரை செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. அலமாரியில் பருவெட்டான உப்பு இருந்தது. யூதர்கள் தங்கள் ஆசாரப்படி உணவைப் பக்குவம் செய்யப் பயன்படுத்தும் கோஷர் உப்பு அது. பார்வைக்குக் கல்லுப்புப் போல இருந்தாலும், மெல்லிய செதில்களாக, எடையே இல்லாமல் இருக்கும். கைப்பிடிக் கணக்கில் போட்டால் சேர வேண்டியதில் பாதிதான் சேரும். நிவேதனத்திற்கு முன் ருசி பார்க்கும் வழக்கமில்லை. ஆக, பெருமாள் அமுது செய்த பிறகுதான் பக்தர்கள் நாவுக்கு விஷயம் தெரிந்தது.

வரிசையில் நின்ற கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஒரு கவளம் உண்டுவிட்டு, "இன்று ஒப்பிலியப்பன் சந்நிதிப் பிரசாதமா?" என்று கேட்டார். திருவிண்ணகரில் உப்பில்லாமல் நிவேதனம் ஆவதை அறிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அறியாத தெலுங்கு அன்பர்களுக்கும் கன்னட அன்பர்களுக்கும் ஒருவர் கதையை விளக்க, அவர்களும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டு சமைத்த கைக்கு உப்பு தெரியவில்லை என்றால் இனி இங்கே இருந்து என்ன பயன் என்று அன்றிரவு மகளிடம் கேட்டார். பயணச் சீட்டை முன்கூட்டி மாற்றச் சொன்னார். தொலைபேசியில் தங்கையிடம் அழுததாகவும் கேள்வி.

மறுநாள் காலை வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. கூப்பிட்டவர் கயானா நாட்டைச் சேர்ந்த ஒரு தொண்டர். கரும்புத் தோட்ட வேலைக்கென மதராஸிலிருந்து கப்பலேறியவர்களின் வழிவந்தவர். தமிழில் சில பாட்டு வரிகள் தவிர ஒன்றும் அறியாதவர். "ஆன்ட்டி, பூ வந்து குவிந்து கிடக்கிறது, கட்ட ஆள் இல்லை, எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமி போனார். சமையலறை அலமாரியில் அந்த உப்பு டப்பாவின் மேல் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதில் "இரண்டு மடங்கு" என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது. மாமி அதன் கீழே தமிழிலும் எழுதினார்.

இத்தனைக்கும் மேலான குழப்பம் ஏகாதசியில் வந்தது. மாமா ஊரிலிருந்து பாம்புப் பஞ்சாங்கம் கொண்டு சென்றிருந்தார். அதன்படி வைகாசியில் ஒரு ஏகாதசிக்குப் பட்டினி கிடந்து, மாலையில் ஆலயம் சென்றால், அங்கே துவாதசிப் பாரணை காலையிலேயே முடிந்திருந்தது. அர்ச்சகர் பொறுமையாக விளக்கினார். சந்திரன் சூரியனை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகும்தோறும் ஒரு திதி. அது மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் எந்த நாளுக்கு அந்தத் திதி என்பதை அந்தந்த ஊரின் சூரியோதயம் தீர்மானிக்கிறது. சென்னையில் செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஏகாதசி பிறந்தால், உதயத்திற்குப் பிந்தியதால் விரதம் புதனன்று. அந்த நேரத்தில் நியூயார்க்கில் திங்கள் இரவு ஒன்பதரை. ஆகவே செவ்வாய் உதயத்திலேயே அங்கே ஏகாதசி நிற்கிறது. நம் பஞ்சாங்கத்தில் பிழை இல்லை, அது கணித்தது வேறு ஊருக்கு.

மாமா அன்று கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்படியானால் நான் இருந்த பட்டினி?" அர்ச்சகர் சிரித்துக்கொண்டே, "பெருமாள் வரவு வைத்துக்கொள்வார்" என்றார். பிறகு ஆலயத்தின் நாட்காட்டியில் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த ஏகாதசியன்று மயிலாடுதுறையிலிருந்து தமக்கை தொலைபேசியில் பேசினார். விரதம் நாளைக்குத்தானே, இன்றைக்கே ஏன் பட்டினி என்று கேட்டார். மாமா நாட்காட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, அது உங்களுக்கு. எங்களுக்கு இன்றைக்குத்தான்" என்றார்.