தண்ணி எத்தனை மணிக்கு வரும்?

ராஃப்டிங் போவம் என்று முடிவெடுத்த அன்றே எங்கட வட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது காசுக் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து ஹட்டன் பஸ்ஸில் அவிசாவளை, யட்டியாந்தோட்டை தாண்டி கித்துல்கல. ஒன்பது பேருக்குப் போக்குவரத்து, சாப்பாடு, ராஃப்டிங் கட்டணம். மூன்று மாதம் சேர்த்தால் சரிவரும். அது அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மிச்சத்தைக் கதைத்து முடிக்க இரண்டு மாதம் எடுத்தது.

ஆற்றைப் பற்றி வாசிக்க வெளிக்கிட்ட பிறகுதான் விசயம் பெரிசு எண்டு விளங்கியது. கித்துல்கலவில் ஓடுவது களனி கங்கை. மேலே மலையில் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி ஆகின்றன. ஒன்றை காசல்ரீயிலும் மற்றதை மவுஸ்ஸாக்கலையிலும் அணை கட்டி மறித்திருக்கிறார்கள். அங்கிருந்து தண்ணீர் சுரங்கங்களுக்குள்ளால் ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கி வருகிறது. போதாக்குறைக்கு, கித்துல்கலவுக்குக் கிட்ட 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நீர்மின் நிலையமும் வந்துவிட்டது. படகு இறங்கும் பகுதியைச் சுற்றிக்கொண்டு, சுரங்கத்தால் தண்ணீரைக் கொண்டுபோகும் திட்டம் அது. ராஃப்டிங் தொழில் செய்பவர்கள் அந்தத் திட்டத்தை எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. மழை மட்டும் பார்த்து அந்த ஆற்றில் இறங்க ஏலாது; மேலே எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அதனால் தொலைபேசியில் விசாரித்தபோது விலைக்கு முதல் நாங்கள் கேட்ட கேள்வி, "தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" முதல் இடத்தில் சிரித்தார்கள். "நீங்கள் வாங்கோ, எப்பவும் ஓடலாம்." இரண்டாவது இடத்தில் எடுத்தவர், அன்றைக்குக் காலமைதான் நேரம் சொல்லலாம், இரவு மேலே கடும் மழை பெய்தால் இறக்க மாட்டோம், காசைத் திருப்பித் தருவோம் என்றார். இரண்டாவது இடம் தலைக்கு ஐந்நூறு ரூபா கூட. அதைத்தான் பிடித்தோம். 'இறக்க மாட்டோம்' என்று சொல்லத் தெரிந்த ஆளோடுதான் ஆற்றில் இறங்க வேண்டும் என்பது எங்கட எண்ணம்.

வேகச்சுழிகளை உலகம் முழுக்க ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். கித்துல்கலவில் வழமையாக இரண்டும் மூன்றும்தான். முதல்தடவை போகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் தென்மேல் பருவமழைக் காலத்தில், அதாவது மே தொடங்கி செப்ரெம்பர் வரை, அதே பாறை, அதே வளைவு வேறை ஆறாக மாறலாம். நாங்கள் பெப்ரவரியை எடுத்தோம்.

பிறகு மொழிப் பிரச்சினை. படகில் வழிகாட்டி கத்துகிற கட்டளைகள் நாலைந்துதான்: முன்னுக்கு வலி, பின்னுக்கு வலி, நிப்பாட்டு, குனிந்து இரு. அதைச் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ சொல்வார்கள். சுழிக்குள் போகேக்கை பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னவர்?" என்று கேட்க நேரம் இல்லை. எங்களில் மூன்று பேருக்குத்தான் சிங்களம் ஓடும். ஒன்பது பேரும் ஒரு படகில் ஏறேலாது. ஆகவே ஒவ்வொரு படகிலும் சிங்களம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று முதலே பிரித்தோம். கரையில் தருகிற பாதுகாப்பு விளக்கத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லி முடியும்வரை ஒருவரும் ஏறுவதில்லை என்பதையும் அந்த மனிசனிடம் சொல்லிவிட்டோம். அவர் "ஹரி, ஹரி" என்றார். சுற்றுலா விளம்பரங்களில் வெள்ளைக்காரர் சிரிக்கிற படம் நிறைய இருக்கு. இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

வீட்டு அனுமதி தனிக்கதை. நாங்கள் ஐந்து பேர் பெண்கள். பெடியன்களின்ர வீட்டில் "கவனமாப் போட்டு வா" என்பதோடு சரி. எங்கட வீடுகளில் ஆர் ஆர் வருகினம், எங்கை தங்குறது, நனைஞ்ச உடுப்போடை எங்கை நிற்கிறது என்று விசாரணை. ஒரு அம்மா கடைசிவரை "ஏலாது" தான். அவவை மாற்றியது உடுப்பு மாற்ற பெண்களுக்குத் தனி அறை இருக்கு என்ற தகவல். ஆற்றின் ஆழம் பற்றி அவ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

எங்களில் ஒருத்தன் மஸ்கெலியாவைச் சேர்ந்தவன். கம்பஸுக்கு வந்து எங்களோடு சேர்ந்தவன். அவன் குழுவில் எழுதியது இது: "நீங்கள் காசு குடுத்துக் குலுங்கப்போற தண்ணிக்குக் கீழை எங்கட ஊர் கிடக்கு." 1960களின் இறுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிப்போனது. அவன்ர அம்மம்மா பிறந்தது அங்கே. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியில் தெரியும், சனம் போய்ப் பார்க்கும். 'நான் வரேல்லை' என்று அவன் சொல்லவில்லை. "அடுத்த நாள் மேலையும் போவம்" என்றுதான் கேட்டான். பயணம் ஒருநாளில் இருந்து இரண்டு நாளானது இப்படித்தான். ராஃப்டிங்கை விட இந்த இரண்டாம் நாளுக்காகக் காத்திருப்பவர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

இனி, முல்லைத்தீவுக்காரி. 2004 சுனாமி நேரம் அவளுக்கு நாலு வயது. வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. அவள் கடற்கரைக்கே வருவதில்லை. ஆனால் பெயர் கேட்டபோது முதலில் கை தூக்கியது அவள்தான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "விழுந்தால் என்ன செய்யிறது?"

பதில் தெரிந்துதான் வைத்திருந்தோம். படகிலிருந்து விழுந்தால் எழும்பி நிற்கப் பார்க்கக்கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் ஆளைக் கீழே அமத்திவிடும். மல்லாக்கக் கிடந்து, கால் இரண்டையும் நீரோடுகிற பக்கம் நீட்டி, கால்விரல் நுனி தண்ணிக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். லைஃப் ஜக்கெற்றைத் தோளில் பிடித்து மேலே இழுத்தால் அது காதுக்கு ஏறக்கூடாது. அவ்வளவு இறுக்கமாய் இருக்க வேண்டும். கரையிலிருந்து கயிறு எறிந்தால் கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும், எறிந்தவரின் கையைத் தேடக்கூடாது.

வாயால் சொன்னது அவளுக்குக் காணாது. அதனால் கீரிமலையில் பெண்களின் கேணிக்கு நாலு சனிக்கிழமை போனோம். முதல் கிழமை படியில் இருந்து காலை மட்டும் நனைத்தாள். இரண்டாவது கிழமை இடுப்புவரை. மூன்றாவது கிழமை, நாங்கள் இரண்டு பேர் முதுகைத் தாங்க, மல்லாக்கக் கிடந்தாள். காதுக்குள் தண்ணி போன உடனே எழும்பி, மேலே ஏறி, துவாயைச் சுத்திக்கொண்டு கதைக்காமல் இருந்தாள். கடைசிச் சனிக்கிழமை எங்கட கையை எடுக்கச் சொன்னாள். இருபது எண்ணும்வரை கிடந்தாள்.

வருவாளா எண்டு இன்னும் சொல்லேல்லை. இரண்டாவது படகில், வழிகாட்டிக்கு முன்னால் இருக்கிற இடத்தை நாங்கள் வேறை ஒருவருக்கும் குடுக்கவில்லை.