எதிரே வருபவரின் கண்களும் அமானிதம்



மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற குளிர்காலம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். இதில் தவறு என்னுடையது. என் தவறு மற்றவர்களுக்குப் பாடமாக அமையுமானால் அதுவே எனக்குப் போதும்.

போளூரில் காலை மதரஸாவில் ஓதிக்கொடுத்துவிட்டு, மாலையில் ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூரின் மக்தபுக்குச் செல்வது என் வழக்கம். அங்கே முஸ்லிம் குடும்பங்கள் மிகக் குறைவு. தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்த அவர்களுக்கு வசதியில்லை. அஸருக்குப் பின் புறப்பட்டு, பிள்ளைகளுக்குக் குர்ஆனும் அடிப்படைச் சட்டங்களும் சொல்லிக்கொடுத்து, இஷா தொழுகையை நடத்திவிட்டுத் திரும்புவேன். போக 11 கிலோமீட்டர், வர 11 கிலோமீட்டர். போகும்போது வெளிச்சம் இருக்கும், வரும்போதுதான் சோதனை.

அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபுறமும் புளிய மரங்கள். தெருவிளக்கு ஊருக்குள் மட்டும் எரியும். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகள், சாலையிலேயே படுத்து அசைபோடும் மாடுகள். கரும்பு வெட்டும் காலத்தில் பின்புறச் சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர்கள். மார்கழியில் மலையிலிருந்து பனி இறங்கிவிட்டால் பத்தடி தூரமும் தெரியாது.

என் வண்டி 2009இல் வாங்கிய 100 சிசி வண்டி. அதன் விளக்கு பேட்டரியில் எரிவதன்று. எஞ்சின் சுழலும்போது உண்டாகும் மின்சாரத்தில் நேரடியாக எரிவது. எஞ்சின் வேகமெடுத்தால் விளக்கு பளிச்சிடும். வளைவில் வேகத்தைக் குறைத்தால் விளக்கும் மங்கும். வெளிச்சம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது கைவிடும். போதாக்குறைக்குக் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தது. உள்ளே ஒளியைத் திருப்பும் கிண்ணத்தின் பூச்சும் உரிந்திருந்தது.

ஒருநாள் இஷாவுக்குப் பின் திரும்பும்போது, டயர் வெடித்து நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்புறம் மிக அருகில் வந்த பிறகே கண்ணில் பட்டது. வண்டியை ஒடித்தேன், தோளில் கரும்புத் தோகை உரச, மயிரிழையில் தப்பினேன். அல்ஹம்துலில்லாஹ். வீட்டில் சொன்னதும் என் மனைவி, "ஒன்று அந்த மக்தபை விடுங்கள், இல்லாவிட்டால் அந்த விளக்கை மாற்றுங்கள்" என்றார். மக்தபை விடுவதற்கில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியதை (திர்மிதீ) எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! என் ஒட்டகத்தைக் கட்டுவதென்று முடிவு செய்தேன்.

வேலூர் சென்றபோது ஒரு கடையில் எல்இடி பல்பு ஒன்றை 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "ஹஜ்ரத், இதைப் போட்டால் ராத்திரி பகலாகிவிடும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யாகவில்லை. அன்றிரவு புளிய மரத்தின் உச்சிக்கிளையிலிருந்த இலைகூடத் தெரிந்தது. மகிழ்ச்சியோடு கொஞ்சம் பெருமையும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உச்சிக்கிளை எனக்கெதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சில நாட்களில் எதிரே வந்தவர்கள் பலர் தங்கள் விளக்கை அணைத்து அணைத்து எரித்துக் காட்டினார்கள். ஒருவர் கடந்துபோகும்போது ஏதோ ஏசினார். 'தாழ்வொளியில்தானே வருகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது?' என்று என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டேன். பத்துப் பேர் ஒன்றையே சுட்டிக்காட்டும்போது பத்துப் பேரும் பொறுமையற்றவர்கள் என்று முடிவுகட்டுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

எட்டாம் நாள் என்று நினைக்கிறேன். எதிரே ஒரு முதியவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். என் வெளிச்சம் அவர் மேல் விழுந்ததும் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். மறு கணம் சைக்கிள் தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி, ஓரத்துப் பள்ளத்தில் சாய்ந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலில் நல்ல காயம். முன்சக்கரம் வளைந்திருந்தது. வீட்டுக்கு வாங்கிப்போன அரிசி சேற்றில் கொட்டியிருந்தது; எண்ணெய்ப் புட்டி உடைந்திருந்தது.

"ஐயா, என் விளக்குதான் காரணம். மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

"உங்க மேல என்ன பாய் தப்பு? எனக்குத்தான் கண்ணு மங்கல். வெளிச்சம் பட்டதும் ஒண்ணும் தெரியாம போச்சு" என்றார் அவர்.

அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தம் கண்ணையே குறை சொல்லிக்கொண்டதுதான் தாங்க முடியவில்லை. போளூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கட்டுப்போட்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அரிசி, எண்ணெய், சக்கரம் ஆகியவற்றுக்கான பணத்தை நீட்டியபோது வாங்க மறுத்தார். "இது நான் உங்களுக்குச் செய்யும் உதவியல்ல, ஐயா, என் கழுத்தில் இருக்கும் கடன்" என்று கெஞ்சிய பிறகே வாங்கிக்கொண்டார்.

அது வெறும் பேச்சன்று. ஃபிக்ஹுப் பாடத்தில் ஆண்டுதோறும் நான் நடத்தும் சட்டம் அது. ஒருவர் அறியாமல், வேண்டுமென்று அல்லாமல் பிறருடைய பொருளைச் சேதப்படுத்திவிட்டால் பாவம் மன்னிக்கப்படலாம்; ஆனால் 'ளமான்' என்னும் ஈட்டுப் பொறுப்பு நீங்காது. அது அடியானின் உரிமை. உரியவர் முஸ்லிமா அல்லவா என்ற பேதமும் அதில் இல்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டிய சட்டத்தைச் சேற்றில் கிடந்த அரிசியாகக் காணும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

மறுநாள் காலையே எங்கள் தெரு மெக்கானிக் தம்பியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பழைய பல்பையும் புதிய பல்பையும் அருகருகே வைத்து விளக்கியது எனக்கு ஒரு பாடமாகவே இருந்தது.

பழைய ஹாலஜன் பல்பு 35 வாட். அதில் இரண்டு இழைகள். தாழ்வொளிக்கான இழையின் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்துவிடுவதால் திருப்பும் கிண்ணத்தின் மேற்பாதி மட்டுமே வேலை செய்யும். ஒளி சாலையை நோக்கித் தாழ்ந்து விழும். அந்த இழை இருக்கும் புள்ளியை வைத்துத்தான் விளக்கு முழுவதும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நான் வாங்கிய மலிவான எல்இடியில் ஒளி வேறொரு இடத்திலிருந்து, வேறொரு அளவில் புறப்படுகிறது. ஆகவே அது சாலையில் குவியாமல் நாற்புறமும் சிதறுகிறது. புளிய மரத்தின் உச்சி தெரிந்ததன் இரகசியம் இதுதான். சாலைக்குப் போகவேண்டிய ஒளி மரத்துக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போயிருக்கிறது. எல்இடியே தீயது என்பதல்ல. அதற்கெனவே வடிவமைத்த முழு விளக்கோடு வரும் வண்டிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஹாலஜனுக்குரிய கூட்டில் அதைச் சொருகுவதுதான் பிழை. சிலர் 60/55 வாட் ஹாலஜனைப் போடுகிறார்கள். அது சிறிய வண்டியின் மின்சாரத்துக்கு மீறிய சுமை. பல்பு மாட்டும் பிடியும் கம்பியும் சூட்டில் உருகிவிடும்.

நாட்டின் சட்டமும் இதைப் பேசுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முகப்பு ஒளி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, அரை மீட்டர் வலப்புறம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச்செய்யக் கூடாது. ஏறத்தாழ ஒரு மனிதர் எதிரே நிற்கும் உயரம்தான் அது. நம் ஊர்களில் போக்குவரத்துக் காவலர்கள் முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியதும் இதே கண்களைக் காப்பதற்காகத்தான்.

அந்த எல்இடியைக் கழற்றினோம். அதே 35 வாட்டில் தரமான ஹாலஜன் பல்பு, புதிய கண்ணாடி, புதிய திருப்புக் கிண்ணம். சுவிட்சின் முனைகளையும், துருப்பிடித்திருந்த எர்த் கம்பியின் இணைப்பையும் தேய்த்துத் துடைத்தார் தம்பி. வெளிச்சம் ஏறத்தாழ இருமடங்கானதுபோல் எனக்குத் தோன்றியது. பல ஆண்டுகளாக நான் குறை கூறிவந்த விளக்கு கெட்டுப்போனதன்று, பராமரிக்கப்படாதது. வளைவுகளில் கியரைக் குறைத்து ஓட்டினால் எஞ்சினின் சுழற்சி விழாது, விளக்கும் மங்காது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

அன்று மாலை மக்தபின் வெள்ளைச் சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி இருக்கும் உயரத்தைச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடிட்டோம். தாழ்வொளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகைச் சரிசெய்தேன். பின்னால் ஒரு மாணவனை ஏற்றியதும் ஒளி கோட்டைத் தாண்டி மேலேறியதைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஆள் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து விளக்கு மேல்நோக்கும். குடும்பத்தோடு செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு ஒரு கணக்கும் போட்டோம். என் தாழ்வொளியில் கறுப்புச் சட்டை அணிந்தவர் சுமார் 25 மீட்டரில்தான் தெரிகிறார். கண் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடுகிறது. அதன்பின் வண்டி நிற்க இன்னொரு 25 மீட்டராவது வேண்டும். 40இல் வந்தாலும் மொத்தம் ஏறத்தாழ 29 மீட்டர். 30இல் வந்தால்தான் 20 மீட்டருக்குள் நிற்கிறது. இருமடங்கு தூரம் தெரிய வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும்; வேகத்தைக் குறைக்க ஒரு காசும் வேண்டாம். நான் தேடிப்போன 850 ரூபாய் மருந்து என் வலக்கையிலேயே இருந்திருக்கிறது. இப்போது வீட்டை அடையப் பத்து நிமிடம் கூடுதலாகிறது. அந்நேரம் திக்ருக்குப் பயன்படுகிறது. இன்னொன்று: கண் மருத்துவரிடமும் போனேன். நாற்பதைக் கடந்த கண்ணுக்கு இருளில் கூடுதல் ஒளி வேண்டும், கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரம் பிடிக்கும் என்றார். கண்ணாடி எழுதிக்கொடுத்தார்.

அம்புகளை ஏந்திக்கொண்டு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், யாரையும் காயப்படுத்திவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அம்பு வைத்திருப்பது குற்றமன்று; அது தேவையான பொருள். அதன் கூர்மையைப் பிறர் மேல் படாமல் பிடிப்பதுதான் கடமை. இன்று நாம் ஒவ்வொருவரும் இரவில் ஏந்திச் செல்லும் அம்பு நம் விளக்கு. எதிரே ஆள் வரும்போது 'டிப்' செய்வது அதன் முனையைப் பிடித்துக்கொள்வதாகும். மக்கள் தம் உயிருக்கும் பொருளுக்கும் எவரிடம் அச்சமற்றிருக்கிறார்களோ அவரே இறைநம்பிக்கையாளர் என்ற நபிமொழியையும் (திர்மிதீ) இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த முதியவர் அன்று என்னிடம் அச்சமற்றிருந்தாரா?

ஜவ்வாது மலைமீது காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை அங்கே நிறுவியிருக்கிறார்கள். விண்மீன்களைக் காண அவர்கள் தேடியது இருட்டை. தேவையற்ற இடத்தில் விழும் வெளிச்சமும் பார்வையை மறைக்கும் என்பதற்கு அதுவே சான்று. அல்பகரா அத்தியாயத்தின் 20ஆவது வசனம் பார்வையைப் பறித்துவிடப் பார்க்கும் ஒரு மின்னலைப் பற்றிப் பேசுகிறது. அது ஒளிரும்போது அவர்கள் நடக்கிறார்கள், இருண்டதும் நின்றுவிடுகிறார்கள். எல்லா வெளிச்சமும் வழிகாட்டுவதில்லை என்பதை அந்தப் பள்ளத்தின் அருகே நின்றபோது நான் புரிந்துகொண்டேன்.

இப்போது எங்கள் மக்தப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய வேலை. ஒளியைத் திருப்பும் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி, தங்கள் வீட்டு சைக்கிள்களின் பின்புறம் ஒட்டுகிறார்கள். முதல் ஸ்டிக்கரை அந்தப் பெரியவரின் சைக்கிளில் நானே ஒட்டினேன். பழுதான லாரியைச் சுற்றி வைத்துவிட்டு அப்படியே விட்டுப்போகும் கற்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஓரமாக எடுத்துப் போடுகிறேன். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்றல்லவா?

இந்த வாரம் உங்கள் வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். எதிரே வருபவர்கள் விளக்கை அணைத்துக் காட்டினால் கோபப்படாதீர்கள். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் நஸீஹத்.

நம் உள்ளத்திலும் பார்வையிலும் வலத்திலும் இடத்திலும் முன்னும் பின்னும் அல்லாஹ் ஒளியை ஏற்படுத்துவானாக! நம் ஒளி பிறருக்கு இருளாகாமல் காப்பானாக! ஆமீன்.