உச்சி வெயிலில் எடுத்த படம்

என்னோடு வேலை செய்யும் பசங்களுக்கு வடக்கு என்றால் மணாலி, லடாக். பைக்கில் போய், பனிமலை முன்னால் கையை விரித்துக்கொண்டு ஒரு படம். கெலமங்கலத்தில் இருக்கும் எனக்கு அந்த வடக்குக்குப் போக இரண்டு வாரம் லீவு வேண்டும். ஓசூர் ஷிப்ட்டில் தொடர்ந்து மூன்று நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். தவணையில் வாங்கிய கேமரா ஒரு வருஷமாகப் பைக்குள்ளேயே தூங்கியது.

பிறகுதான் உறைத்தது. தமிழ்நாட்டு வரைபடத்தில் நான் இருப்பதே வடக்கு ஓரம்தானே. தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் காடு. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள், ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022-ல் அதற்குத் தெற்கே இன்னொன்று. அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பன்னார்கட்டா, காவிரிக் காடுகள். யானைக்கு இது எல்லாமே ஒரே காடு. மாநில எல்லை நமக்கு மட்டும்தான்.

இஷ்டத்துக்கு உள்ளே போக முடியாது. 2018-ல் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிமுறைகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. அதில் எங்கள் பக்கத்து அய்யூர் – சாமியேரி பாதையும் ஒன்று. பக்கத்து ஊர்ப் பசங்கதான் வழிகாட்டி. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்தேன்.

அய்யூர் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. எங்கள் பக்கம் மார்கழிக் குளிர் ஸ்வெட்டருக்குள்ளும் புகும். வழிகாட்டித் தம்பிக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். என்னிடம் தமிழ், பின்னால் வந்த பெங்களூருக்காரர்களிடம் கன்னடம், போனில் வீட்டாரிடம் தெலுங்கு. எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. மூங்கில் புதருக்கு அருகில் நின்று கையைக் காட்டினான். யானை லத்தி. குனிந்து பார்த்துவிட்டு, “நேத்து ராத்திரிதுண்ணா, பயப்படாதீங்க” என்றான். உள்ளே கேழ்வரகுத் தாள் செரிக்காமல் அப்படியே இருந்தது. அப்போது அதை நான் கவனிக்கவே இல்லை. ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதிலேயே குறியாக இருந்தேன்.

மேட்டில் நின்றபோது சூரியன் பனிக்கு மேலே வந்திருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக நீல மடிப்புகள். கீழே, காடு முடியும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு நிலம். அதில் சுழி சுழியாகக் கோடுகள், யாரோ பெரிய சீப்பால் வாரிவிட்ட மாதிரி. சாய்வெளிச்சத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல். லென்ஸை மாற்றி முப்பது படமாவது எடுத்திருப்பேன். என் வாழ்நாளின் சிறந்த படம் இதுதான் என்று தோன்றியது.

தம்பி திரையை எட்டிப் பார்த்தான்.

“அண்ணா, இது எங்க மாமா கொல்லை.”

“அந்தக் கோடெல்லாம்?”

“ராகிண்ணா. அறுப்புக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரி ஏழு உருப்படி இறங்கிடுச்சு.”

நான் கேமராவை அணைத்தேன்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகையில் ஜவளகிரி வழியாகக் கூட்டங்கள் வரும். நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு என்று நகரும். ராகி முற்றும் நேரம் அவற்றுக்குத் தெரியும். காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் உப்புச் சத்தும் அதிகம் என்று ராமன் சுகுமார் இந்தக் காடுகளின் தொடர்ச்சியில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். படித்திருக்கிறேன். படித்ததற்கும், மிதிபட்ட கொல்லையில் நிற்பதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது.

இறங்கியதும் தம்பியோடு போனேன். பரண் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஊடுபயிராகப் போட்ட அவரைக்கொடி மண்ணோடு மண்ணாக இருந்தது. மாமா என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

“நல்ல மிஷினா இருக்கே. நாலு போட்டோ புடிச்சுக் குடு சாமி. மனுவோட வெக்கணுமாம். பையன் செல்லுல எடுத்தது ஒண்ணுமே தெரியலன்னு திருப்பிட்டாங்க.”

மணி பன்னிரண்டு. உச்சி வெயில். லேண்ட்ஸ்கேப் எடுக்கிறவன் கேமராவை மூடிவைக்கும் நேரம். பழக்க தோஷத்தில், “சாயங்காலம் வெளிச்சம் நல்லா இருக்கும், அப்ப எடுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“வெளிச்சம் நல்லா இருந்து என்ன பண்ண? சேதம் நல்லாத் தெரியணும்” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கொடும் வெயிலில்தான் எல்லாமே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மிதிபட்ட தாளையும் மிதிபடாத தாளையும் ஒரே படத்தில் வைத்தேன். கால்தடத்துக்குப் பக்கத்தில் அளவுக்காக ஒரு அரிவாளை வைத்தேன். எல்லைக் கல் தெரியும்படி ஒன்று. கடைசியாக அவரையே நடுவில் நிற்கவைத்து ஒன்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

“யானை மேல கோவமா மாமா?”

“அது வயித்துக்கு வருது. அதோட வழியில நாமதான கொல்லை போட்டோம், கம்பெனி கட்டுனோம். ஆனா சொசைட்டில கடன் வாங்கினது யானை இல்லையே, நான்தான?”

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அது போன வருஷத்து ராகி. இந்த வருஷம் வீட்டுச் செலவுக்கே வாங்க வேண்டியிருக்கும் என்று அத்தை சொன்னபோது எனக்கு இரண்டாவது உருண்டை இறங்கவில்லை.

மறுநாள் கெலமங்கலத்தில் பதினோரு படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மேட்டிலிருந்து எடுத்த அந்த முப்பதில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. மனு போயிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை என்று தம்பி போன வாரம் சொன்னான்.

அந்த அழகான படத்தை நான் எங்கேயும் போடவில்லை. அழிக்கவும் மனசில்லை. எப்போதாவது திறந்து பார்ப்பேன். படம் இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் சங்கடம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஓரத்தில் சாய்ந்த பரண் தெரிகிறது. அன்று காலையும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.